கேமரன் மலைத் தோட்டத்தில் பிடித்த ஐந்து பாட்டில் தண்ணீர்

நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். மருந்துப் பைகளில் பெயர் ஒட்டுவதும், எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று எழுதுவதும் என் வேலை. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டுவிட்டேன். வீட்டு நிலைமை ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது என்பது இன்னொரு காரணம். கிளினிக்கில் அந்தத் தொல்லை இல்லை. கவுண்டரில் பேசுவதற்கு வேறு அக்கா இருக்கிறார்.

எங்கள் டாக்டர் மாலினி சில மாதங்களுக்கு ஒரு முறை நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய் இலவசமாக மருத்துவம் பார்ப்பார். போகிற இடத்தில் தண்ணீர் சரியில்லை என்றால், நன்கொடையில் வாங்கிய வடிகட்டித் தொட்டி ஒன்றையும் பொருத்திவிட்டு வருவார்கள். இந்த முறை கேமரன் மலை. வழக்கமாகப் போகும் கவுண்டர் அக்காவுக்கு டிங்கி காய்ச்சல் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

"பேசற வேலை ஒண்ணும் இல்லம்மா. பேர் ஒட்டணும், அவ்ளோதான்" என்றார் டாக்டர். அதனால் ஒப்புக்கொண்டேன்.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமையே மருந்துப் பெட்டிகளோடு போய்விட்டார்கள். எனக்கு அன்று மாலை வரை கிளினிக் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிப் பேருந்தில் தனியாகக் கிளம்பினேன். ஈப்போவிலிருந்து பிரிஞ்சாங் வரை டிக்கெட் 22 ரிங்கிட், தூரம் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் பாதை அகலமானது. தாப்பா பாதை அளவுக்கு வளைவுகள் இல்லை. இருந்தாலும் தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்துவிட்டு, இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு, கம்போங் ராஜா வரும் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். கண்ணைத் திறந்தபோது இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். பிரிஞ்சாங்கில் இறங்கியபோது மணி 9.50.

அங்கே டாக்டர் குழுவுக்கு லோரி ஓட்டும் குணா அண்ணன் காத்திருந்தார். லோரியின் பின்னால் நீல நிற வடிகட்டித் தொட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"நீதான் பேர் ஒட்டற பாப்பாவா? சூவெட்டர் கொண்டாந்தியா?"

தலையாட்டினேன்.

"வாயில கொழுக்கட்டையா லா? பரவால்ல, ஏறு. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறேன்."

அப்படியே செய்தார். தோட்டத்துக்குப் பதினோரு கிலோமீட்டர்தான், ஆனால் நாற்பது நிமிடம் ஆனது. கடைசி மூன்று கிலோமீட்டர் தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒற்றை வழி. எதிரே லோரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். சின்ன காரில் போகாதீர்கள். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

நாங்கள் போனது வரிசையாக ஒட்டிய இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு லைன். கொழுந்து பறிப்பவர்களும் தேயிலை ஆலையில் வேலை செய்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் டாக்டர் மேசை போட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். முட்டிவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை. ஆனால் குழந்தைகளோடு வந்த தாய்மார்கள் எல்லாரும் சொன்னது ஒன்றேதான்: வயிற்றுப்போக்கு.

அதில் பரமேஸ்வரி அக்காவும் ஒருவர். மகன் கவினுக்கு ஒன்றரை வயது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் தானா ராத்தா மருத்துவமனையில் இரண்டு நாள் டிரிப் ஏற்றியிருந்தார்கள். குழந்தையின் கை என் இரண்டு விரல் அளவுதான் இருந்தது.

"இன்னொரு தடவ இப்படிப் போனா இவன் ஒடம்பு தாங்காதுன்னு நர்ஸ் சொன்னாங்க டாக்டர்" என்றார் அக்கா. "தண்ணித் தொட்டி கொண்டாந்திருக்கீங்களாமே. எங்களுக்குத்தானே?"

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு" என்றார் டாக்டர்.

தொட்டி ஒன்றுதான் இருந்தது. அதே மலையில் உள்ள லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்ட வேலையாட்கள் இருக்கும் குடியிருப்பு ஒன்றும் கேட்டிருந்தது. இங்கே தண்ணீர் மோசம் என்றால் தொட்டி இங்கே, இல்லாவிட்டால் அங்கே. அதைப் பார்ப்பது சேகர் அங்கிள். முப்பது வருடம் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் ஐந்து சின்ன பாட்டில்களை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து தடவிய ஒரு தாள் இருக்கும். தண்ணீரைப் பிடித்து மூடி, ஒரு நாள் கதகதப்பாக வைக்க வேண்டும். மலக்கிருமி கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும்.

"அஞ்சு வீடு. கொழாயத் தொறந்து ஒரு நிமிஷம் ஓட விட்டு, நீயே நேரா புடிக்கணும். வீட்டுக்காரங்க கையில குடுக்காத. பச்சத் தண்ணிதான் வேணும்னு ஒரு வார்த்த சொல்லிரு. சரியா?"

சரி என்றேன். அவர் குழாய்களை அளக்கப் போய்விட்டார்.

முதல் வீடு பரமேஸ்வரி அக்கா வீடு. வாசலில் நின்று பாட்டிலை நீட்டினேன். "தண்ணி" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வெளியே வரவில்லை. அதற்குள் அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பாட்டில் நிறைந்திருந்தது, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தும் இருந்தார். அதோடு விடாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு அடுத்த நான்கு வீடுகளுக்கும் வந்தார்.

"டாக்டர் ஆளுங்க தண்ணி கேக்கறாங்கடி. நல்லதா குடு!"

எனக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. நிம்மதியாக இருந்தது. நல்ல குளிர், பாட்டில்கள் இளஞ்சூடாக இருந்தன, கையில் பிடித்துக்கொள்ள நன்றாக இருந்தது. சேகர் அங்கிள் சுடுநீர்ப் பைகள் வைத்த பெட்டியில் அவற்றை அடுக்கி மூடினார்.

அன்று பிரிஞ்சாங்கில் தங்கினோம். நான்கு பேர் படுக்கும் அறை, ஆளுக்கு 35 ரிங்கிட். சுடுதண்ணீர் வரும். இரவுச் சந்தையில் சோளம் 5 ரிங்கிட்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மருத்துவம் பார்த்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கிள் பெட்டியைத் திறந்தார். ஐந்து பாட்டிலும் பிடித்தபடியே இருந்தன. ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

"அருமையான தண்ணி லா. எங்க டவுன்ல கூட இப்படி இல்ல" என்றார்.

பரமேஸ்வரி அக்கா சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "அப்ப எம்புள்ளைக்கு எதனால போகுது அங்கிள்?"

அங்கிள் டாக்டரைப் பார்த்தார். சாப்பாட்டில் ஏதாவது இருக்கலாம் என்றார் டாக்டர். அங்கிள் தொட்டியின் கயிற்றை இறுக்கச் சொல்லிக் குணா அண்ணனுக்குக் கை காட்டினார். பெர்த்தாமுக்கு அன்றைக்கே போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கை கழுவ மண்டபத்துக்கு வெளியே உள்ள குழாயைத் திறந்தேன். விரல் மரத்துப்போகும் அளவுக்குத் தண்ணீர் சில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். இந்த ஊர்க் குழாயில் இளஞ்சூடான தண்ணீர் எப்படி வரும்?

பரமேஸ்வரி அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, நேத்துக் குடுத்த தண்ணி... காச்சினதா?"

"பின்ன? டாக்டருக்குக் குடுக்கற தண்ணி. பச்சத் தண்ணியவா புடிச்சுக் குடுப்பேன்? மழ பேஞ்சா டீ கலர்ல வருது. வெளியூர்லேருந்து வந்தவங்க என்ன நெனப்பாங்க? காச்சி, துணியில வடிகட்டித்தான் குடுத்தேன். அவளுங்களும் அப்படித்தான்."

"அது குடிக்க இல்லக்கா. சோதிச்சுப் பாக்க."

அக்கா குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப தொட்டி போறதுக்கு நாந்தான் காரணமா?"

"இல்லக்கா. நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

வெளியே லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் எப்படி ஓடினேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியம். வளைவில் லோரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். குணா அண்ணன் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார். "ஏய், சாகப் பாக்கறியா?"

"அது காச்சின தண்ணி அங்கிள்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகர் அங்கிளுக்கு முதலில் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அவர் இறங்கி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. "ஒரு வார்த்ததானே சொல்லச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்த."

"சொல்லல அங்கிள்."

"ஒரு பாட்டில்தான் மிச்சம் இருக்கு. ஒரு நாள் ஆகும். டாக்டர் இப்பக் கெளம்பணும், எனக்கு பெர்த்தாம்ல ஆளுங்க காத்திருக்காங்க. யார் உக்காந்து பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

பின்னாலேயே ஓடி வந்த பரமேஸ்வரி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுல இருக்கட்டும் அங்கிள். நான் பாத்துக்கறேன்."

லோரியைச் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் பெர்த்தாமுக்குப் போனாலும் திங்கள் மதியம் வரை தொட்டியை இறக்காமல் வைத்திருப்பதாக அங்கிள் ஒப்புக்கொண்டார். பெட்டியையும் பாட்டிலையும் என்னிடம் கொடுத்தார். டாக்டர் எனக்குத் திங்கள் விடுப்புக் கொடுத்தார். கூடவே கவினைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் சில கேள்விகள் கேட்டார். பால் மாவைக் காய்ச்சிய தண்ணீரில்தான் கலக்குகிறார்கள். ஆனால் பால் புட்டியை அலசுவது பச்சைத் தண்ணீரில்.

"எல்லாத்துக்கும் காச்சினா கேஸ் எத்தன நாளைக்கு வரும் டாக்டர்?" என்றார் அக்கா. டாக்டர் தலையாட்டினார். புட்டிக்கு மட்டுமாவது காய்ச்சுங்கள் என்றார்.

அக்கா வீட்டுக் குழாயைத் திறந்து அறுபது வரை எண்ணிவிட்டு நானே தண்ணீரைப் பிடித்தேன். மணி 2.40. பாட்டில் சில்லென்று இருந்தது. இரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன். அன்று மாலையிலிருந்து மறுநாள் காலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அக்கா சுடுநீர்ப் பையை மாற்றினார். குளிரில் கிருமி வளராது, வளராவிட்டால் பாட்டிலைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தன் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் சாம்பல் நிறம். பதினொன்றுக்கு மை போல் கறுத்துவிட்டது. அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதையா எம்புள்ளைக்குக் குடுத்தேன்" என்றார். அழவில்லை. உடனே போய்ப் பால் புட்டியை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார்.

படம் எடுத்து அங்கிளுக்கு அனுப்பினேன். "வரேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. ஒரு மணிக்கு லோரி வந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் கல்லும் சிமெண்டும் சுமந்தார்கள். ஐந்தரைக்குப் புதுத் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்தது. அதே லோரியில் நானும் ஈப்போவுக்குத் திரும்பினேன். குணா அண்ணன் வழியெல்லாம் பேசினார். நானும் இரண்டு மூன்று வார்த்தை பேசினேன்.

பெர்த்தாம் குடியிருப்புக்கு இன்னும் தொட்டி கிடைக்கவில்லை. அடுத்ததற்கு நன்கொடை சேர்கிறது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால், அவர்களை ஒரு நாள் வீணாகக் காக்க வைத்திருக்க வேண்டாம்.

இப்படிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கும் பேருந்துகள் நிறைந்துவிடும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். தோட்டத்துக்குள் கைபேசிக்கு எல்லா இடத்திலும் தொடர்பு கிடைக்காது. நான் படம் அனுப்பக் கோயில் படி வரை ஏற வேண்டியிருந்தது. லோரிக்கு எரிபொருள் தவிர என் செலவு மொத்தம் 80 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. உதவி செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே உங்களை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்றால், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுசோதனைக்குப் போனோம். புதுத் தொட்டித் தண்ணீரில் ஒன்று, பழைய குழாயில் ஒன்று என்று பிடிக்க வேண்டும். கவின் மண்டபத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு தடவைகூட வயிற்றுப்போக்கு வரவில்லை என்றார் அக்கா. நான் பாட்டிலோடு அடுத்த வீட்டு வாசலில் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அடியே, காச்சின தண்ணியக் குடுத்துறாத! மானம் போனாப் போவுது, பச்சத் தண்ணியவே குடு!"

அக்கா சொல்லி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, நானும் சொன்னேன்.