நாத்தனார் முடிச்சு

பஸ் படியில் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிய என்னைப் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிய வெள்ளைக்காரக் கிழவி, உட்கார இடமும் பிடித்துக் கொடுத்து, என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை எப்போது என்று கேட்டாள். பிள்ளையில்லை, வலி என்று விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை, தேங்க்யூ என்றேன். இங்கிலாந்தில் எனக்கு நடந்த வளைகாப்பு அதுதான்!

சில மாதங்களாகவே தோளும் தொடையும் இப்படித்தான். தலை பின்னக் கை மேலே போகாது. காஞ்சிபுரத்தில் தறிக்கான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளம் விரித்து இழுத்துக் கட்டிய மறுநாள் தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். "வலிக்குதுன்னு குந்திக்கினா ஆச்சா? எழுந்து வேலையப் பாரும்மா, தானா ஓடிப்பூடும்" என்பாள் அம்மா. ஓடியும் போகும். அந்த நம்பிக்கையில் இங்கேயும் லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறினேன், வாளி வாளியாகத் துணி பிழிந்தேன். கீழே விழுந்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் தொடைத்தசையில் துண்டு வெட்டி எடுத்தார்கள். நான் அடம்பிடிக்கவே, டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சிவந்த நார்களுக்கு நடுவே நீலப் புள்ளிகள் மொய்த்திருந்தன. ரத்தத்து வெள்ளை அணுக்களாம். தசையில் அடிபட்டால் ஓடிவரும், செத்ததை அகற்றும், புது நார் வளர வழிவிட்டு விலகும். இப்போதோ விலகாமல், நல்ல தசையையே அந்நியமென்று தாக்குகின்றன. ஏன் என்றேன். தெரியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் உடம்புக்கே என்னை அடையாளம் தெரியவில்லையா?

ஸ்டீராய்டு மாத்திரை அவற்றை அடக்குகிறது. ஆனால் காய்ச்சல் தொற்றினால் எதிர்க்க ஆளிருக்காது. இந்த வருஷம் ஊருக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. என் ஒரே தம்பிக்குச் சித்திரையில் கல்யாணம். ஊரிலிருந்து டிரங்க் கால் போட்டுக் கத்தினான்: "மொத முடிச்சுதான்கா நான் போடுவேன். மிச்சம் ரெண்டும் நாத்தனார் முடிச்சு, உன்துதான். வேற யாரையும் உடமாட்டேன், வந்துடு!"

மாத்திரையை நிறுத்தினால் போகலாம். கை மணப்பெண்ணின் கழுத்துவரை எழாது. சாப்பிட்டால் கை எழும், போகக்கூடாது. நாற்காலி முதுகில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிறேன், அவிழ்க்கிறேன், எழுந்து நடக்கிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இன்று காலை அலமாரி மேலிருந்த பெட்டியை நானே எட்டி இறக்கினேன். கை தலைக்கு மேலே போய்விட்டது! தனியாக நின்று கைதட்டினேன். அப்புறம்தான் அழுகை வந்தது. கல்யாணத்துக்கென்று வைத்த புடவை அதற்குள்தான் இருக்கிறது. திரும்ப ஏற்றிவைக்கக் கையில் வலு உண்டு, மனம்தான் வரவில்லை. பெட்டி நடுவீட்டில் கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் இடித்துக்கொள்கிறேன்.