பிறவிக் குறை என்று எழுதிய சீட்டு

அனுப்பர்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். இரண்டாயிரங்களின் நடுவில், சிறுநீரகக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். சிறுநீர்க் குழாய் செருகியவர்கள், பின்னால் தள்ளிய முன்தோலைத் திரும்ப முன்னால் இழுத்துவிட மறந்துவிட்டார்கள். வலிக்கிறது என்றதற்கு, குழாய் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் கன்றி வீங்கி, தோலையே வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் காரணம் எழுதியிருந்தது: பிறவியிலேயே முன்தோல் இறுக்கம்.

தோல் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பிறவி என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. அவர் மனைவிக்கு அதைவிடக் கோபம்.

"ரெண்டு புள்ள பெத்திருக்கறனுங்க. எனக்குத் தெரியாத பொறவிக் கொறை அவிங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?" என்று என் வாசலில் நின்று கேட்டார்.

சீட்டைத் திருத்தித் தர வேண்டும். அதற்கான புகாரை எழுத, பத்திரிகைக்காரனான நான்தான் ஆள் என்று முடிவு செய்திருந்தார்கள்.

எழுதினேன். 'உடலின் ஒரு பகுதியில் ஏற்பட்ட பாதிப்பு' என்று. எங்கள் பத்திரிகையில் அந்த உறுப்பு யாருக்கும் கிடையாது. அடிபட்டால் மட்டும் 'மர்ம உறுப்பு' என்று தலைகாட்டும். மூன்றாம் நாள் மருத்துவமனை மேலாளர் பதில் அனுப்பினார்: எந்தப் பகுதி என்று தெரியாததால் விசாரிக்க இயலவில்லை.

பதிலைப் படித்த எதிர்வீட்டுக்காரர் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். பழுதான பீஸைத் திருப்பும்போது எந்த இடம், யார் கை, எத்தனை மணி என்று எழுதுவது அவர் தினசரி வேலை. அதே வரிசையில் எழுதினார். உறுப்பு: ஆண்குறி. இடம்: முன்தோல். உள்ளே வரும்போது நிலை: நல்லது. குழாய் செருகியது காலை பத்து. வலி சொன்னது பதினொன்றரை, மறுபடி இரண்டு. வந்து பார்த்தவர்: யாருமில்லை. கீழே ஒரு படம், அம்புக்குறியோடு.

படம் வேண்டாமே என்றேன்.

"படமில்லாட்டி சரக்கு வாங்கற பையரே ஒத்துக்க மாட்டானுங்க," என்றார்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மூவரும் போனோம். பேசி முடிக்கும்வரை மேலாளர் படத்தின்மேல் கை வைத்தே இருந்தார். பிறவி என்பது வழக்கமாக எழுதுகிற வார்த்தைதான் என்று டாக்டர் தொடங்கினார். மனைவி தொண்டையைச் செருமினார். டாக்டர் சீட்டை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, 'குழாய் செருகியபின் முன்தோல் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படாததால்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எதிர்வீட்டுக்காரர் இருமுறை படித்துவிட்டு சீட்டைத் திருப்பி நீட்டினார். தேதி விட்டுப்போயிருந்தது.