பேரையூர் வத்தலும் பதினஞ்சு நாட்டு வாசலும்

மிளகாய் வத்தலை வெளிநாட்டுக்கு அனுப்புற வேலையில மொதல்ல கை எரியும், கொஞ்ச நாள் கழிச்சு வயிறு எரியும். பொருளைச் சுமந்துட்டுப் போய் வாங்குறவன் வாசல்ல நின்னு, அவன் நொட்டை நொள்ளை சொல்றதைக் கேட்டுட்டுத் திரும்புனவங்க உங்கள்ல நெறையப் பேர் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

கை

கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நாகமலை புதுக்கோட்டையில சும்மா இருந்தேன். மதுரை ஆரப்பாளையத்துல ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில 'குவாலிட்டி' வேலைன்னு கூப்பிட்டாங்க. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவைன்னு நெனைச்சுப் போனவனுக்குக் குடுத்தது ஒரு கட்டு பிளாஸ்டிக் பையும் ஒரு பேனாவும். அரிசி மூட்டைன்னா குத்தூசியைச் செருகி நாலு அரிசி எடுத்துரலாம். வத்தல் மூட்டைக்கு அது ஆகாது. முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில, நடுவுல, மேலன்னு அள்ளிப் பையில போட்டு, ஊர் பேரை எழுதி லேபுக்கு அனுப்பணும்.

எண்ணெய் தேய்ச்சாலும் சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் போகாது. ஒருநா மறந்துபோய்க் கைக்குழந்தை கன்னத்தைத் தொட்டுட்டேன், புள்ள வீறிட்டு அழுதுச்சு. மறுநா சாயங்காலம் என் சம்சாரம் வாசல்லயே மறிச்சுச் சொன்னா: "கையைக் கழட்டி வெளிய வச்சிட்டு உள்ள வாங்க."

வாசல்

ரெண்டாயிரம் பொறந்து ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். ஐரோப்பாவுல இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. வத்தல்ல பூஞ்சை விஷம் இம்புட்டுக்கு மேல இருந்தா உள்ள விடமாட்டோம்னு இருந்துச்சு. எம்புட்டுன்னு முதலாளி கேட்டாரு. ஒரு லாரி மணல்ல ஒரு சிட்டிகை உப்பைக் கலந்தா எம்புட்டோ அதைவிடக் கம்மின்னேன்.

விஷம்னா விஷம்தான், அவங்க சொல்றது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. முதலாளி கவலை வேற. முன்னாடி ஒரு நாட்டுல வேணாம்னா பக்கத்து நாட்டுல தள்ளிவிடுவாரு. இப்ப ஒரு துறைமுகத்துல நிப்பாட்டுனா அன்னைக்கே ஐரோப்பிய யூனியன்ல இருக்கிற பதினஞ்சு நாட்டுக்கும் சேதி போயிரும். லெட்டரை மடிச்சு வச்சிட்டுச் சொன்னாரு: "பதினஞ்சு வீடு இருக்கேன்னு நெனைச்சேன்யா, எல்லாத்துக்கும் ஒரே வாசலாப் போச்சே."

நம்ம வயிறு

அந்த வருஷம் லேபுல தேறாத மூட்டையை என்ன செய்யிறதுன்னு நான் வெவரம் புரியாமக் கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வேன்ல ஏத்தி டவுன் கடைக்கு அனுப்புனாங்க, கூட நானும் போனேன். மனசு கேக்காம கடைக்காரர்கிட்ட வெவரத்தைச் சொன்னேன். அவரு ஒரு வத்தலை ஒடிச்சு மோந்து பாத்துட்டு, ஆளுகளைப் பாத்துக் கையைக் காட்டுனாரு: "வெளிநாட்டுக்காரனுக்கு வயிறு சரியில்ல போல, நம்ம சனங்களுக்குச் செரிக்கும், எறக்குங்கடா."

நான் பொறுப்பு

இனிமே சுத்தமான வத்தலா வாங்கணும்னு என்னை ஊர் ஊரா அனுப்புனாங்க. பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல முத்துப்பேச்சி அக்காவைப் பாத்தேன். மானாவாரியில வத்தல் போட்டிருந்தாங்க. தெருவுல பதினோரு வீட்டுக்கும் அவங்க சொன்னாத்தான் வார்த்தை. நான் ரெண்டே விஷயம் சொன்னேன். தரையில காயப்போடக் கூடாது, கம்பெனி குடுக்கிற தார்ப்பாய்லதான் காயப்போடணும். மூட்டை கட்டும்போது தண்ணி தெளிக்கக் கூடாது.

தண்ணி தெளிக்கிறது எங்க பக்கத்து வழக்கம். மொறுமொறுன்னு காஞ்ச வத்தலைச் சாக்குல போட்டு மிதிச்சா நொறுங்கிப்போகும், நெடி ஏறும். கையால லேசாத் தெளிச்சா பதமாயிரும். அந்த ஈரத்துலதான் பூஞ்சை புடிக்கும். தெளிக்காம எப்படி மிதிக்கிறதுன்னு கேட்டாங்க. மிதிக்கவே வேணாம், சாக்குல தளர்வாப் போடுங்க, வத்தல் சுத்தமா இருந்தா கடைசிப் பறிப்பு வரைக்கும் நாங்களே எடுத்துக்கிறோம், நான் பொறுப்புன்னேன். வருஷா வருஷம் வாங்குற கமிஷன் கடைக்காரர் அன்னைக்கும் வந்திருந்தாரு. அக்கா அவரைத் திருப்பி அனுப்பிட்டு வந்து சொன்னாங்க: "உங்க வார்த்தையை நம்பித்தான் தம்பி பதினோரு வீட்டுக்கும் நான் வாக்குக் குடுக்கப் போறேன்."

சாம்பிள்

சொன்ன மாதிரியே செஞ்சாங்க. பனி எறங்குறதுக்கு முன்னாடி மூடுவாங்க, வெயில் ஏறுனதும் தொறப்பாங்க. ஒரு சொத்தை வத்தல் கிடந்தாலும் அக்கா பொறுக்கி எறிஞ்சிருவாங்க. தார்ப்பாய் மேல செருப்போட ஏறுன அவங்க வீட்டுக்காரருக்குக் கெடச்ச திட்டை இங்க எழுத முடியாது. முதப் பறிப்பு தளர்வாக் கட்டி மதுரைக்கு வந்துச்சு. நானே கையை விட்டு அள்ளி லேபுக்கு அனுப்புனேன். விஷம் மருந்துக்குக்கூட இல்ல. லேப் மேடம் போன்ல கூப்பிட்டாங்க: "இது நெசமாவே நம்ம ஊர்ச் சரக்கா, இல்ல எனக்கே டெஸ்ட் வைக்கிறீங்களா?"

தண்ணி

கன்டெய்னர் தூத்துக்குடியில கப்பல் ஏறுச்சு. ஒரு மாசம் கழிச்சு ஐரோப்பாத் துறைமுகத்துல நிப்பாட்டிட்டாங்க. பூஞ்சை விஷம், அளவுக்கு மேல. குடோனுக்குப் போய்க் காதர் பாய்கிட்ட உக்காந்தேன். லோடுமேன்களுக்கு அவருதான் தலைவர், அங்கயே முப்பது வருஷமா இருக்காரு, ஒரு வத்தலைக்கூட வீணாக்க மாட்டாரு. ஏத்துன அன்னைக்கு என்னதான் நடந்துச்சுன்னு கேட்டேன்.

பேரையூர்ச் சாக்கெல்லாம் தளர்வா வந்துச்சாம், கன்டெய்னர்ல எடம் பத்தலையாம். பிரிச்சு, புதுச் சாக்குல போட்டு மிதிச்சிருக்காங்க. நான் அன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து சர்டிபிகேட் எழுதிக்கிட்டு இருந்தேன். ஊர் ஊராப் போய்த் தண்ணி தெளிக்காதீங்கன்னு தொண்டை கட்டக் கத்துனவன், எங்க குடோன்ல அதை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லணும்னு தோணவே இல்ல. பாய் என்னமோ நல்லது செஞ்ச மனுஷனா என் முகத்தைப் பாத்தாரு: "அம்புட்டு அழகான வத்தல் ஒடைஞ்சு போயிரக் கூடாதேன்னு, நான் கொஞ்சம் கூடுதலாவே தெளிச்சேன் தம்பி."

லெட்டர்

முதலாளிகிட்ட ஒளிக்காமச் சொன்னேன். தப்பு எங்க நடந்துச்சுன்னு ஐரோப்பாவுக்கு எழுத்துல பதில் சொல்லணும். பாய் பேரு வரக் கூடாதுன்னு நானும் நெனைச்சேன், என் பேரு வரக் கூடாதுன்னு அதைவிட அதிகமா நெனைச்சேன். முதலாளி என் பக்கம் திரும்பாமலே சொன்னாரு: "குடோன்னு எழுதுனா கம்பெனிக்கே பூட்டு, பேரையூர்னு எழுதுனா ஒரு ஊரோட போயிரும், எழுதுப்பா."

நான்தான் டைப் அடிச்சேன். காயவைத்தலில் குறைபாடு, இனி அந்தப் பகுதியில் கொள்முதல் இல்லைன்னு அடிச்சு, கீழ கையெழுத்தும் போட்டேன்.

தார்ப்பாய்

சேதி எனக்கு முன்னாடி பேரையூர் போய்ச் சேந்துருச்சு. விஷ வத்தல்னு பேராகிப்போச்சு. கம்பெனியும் எடுக்கல, பழைய கமிஷன் கடைக்காரரும் வண்டியைத் திருப்பிக்கிட்டாரு. ரெண்டாம் பறிப்பும் மூணாம் பறிப்பும் தார்ப்பாய் மேல அப்படியே கெடந்துச்சு. பதினோரு வீட்டுலயும் முத்துப்பேச்சி அக்காவோட பேச்சை நிப்பாட்டிட்டாங்க. குழாயடியில அவங்க வந்தா மத்தவங்க குடத்தை எடுத்துக்கிட்டு நகந்துட்டாங்களாம். அதை அவங்க வீட்டுக்காரர்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு.

தார்ப்பாயைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பியிருந்தாங்க. நாலா மடிச்சு, கழுவிக் காயவச்சு எடுத்து வச்சிருந்தாங்க அக்கா. திட்டுவாங்கன்னு நெனைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வண்டியில ஏத்தி விட்டுட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேக்காத மாதிரிக் கிட்ட வந்து கேட்டாங்க: "நாங்க எந்த எடத்துல தப்புப் பண்ணுனோம்னு மட்டும் சொல்லுங்க தம்பி, அடுத்த வருஷம் திருத்திக்கிறோம்."

பதினஞ்சு நாடும் கேட்ட கேள்விக்கெல்லாம் மூணு காப்பி போட்டுப் பதில் அனுப்புனவன் நான், அந்தம்மா கேட்ட ஒத்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் போகல.