செட்டைப் பார்த்தது நான்தான்

1. கடையில் ஒரு தகராறு

"வால்வு போயிருக்கும் சார். புதுசு போட்டுடலாம்" என்று அத்தா சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு அத்தா! ஃபில்டர் கண்டென்சர்தான் வீக். அதான் உறுமுது."

திருச்சி பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டு முன்னறைதான் அத்தாவின் ரேடியோ ரிப்பேர் கடை. நான் வயதுக்கு வந்ததும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அத்தாவுக்குப் பார்வை மங்கியபோது ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் பிடிக்க நான் உட்கார்ந்தேன். பதினாறு வயதில், கடைக்கு வரும் செட்டு எல்லாவற்றையும் பின்னறையில் நான்தான் பார்த்தேன். பெயர் மட்டும் அத்தாவுக்கு.

அன்று வந்திருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டயரான தபால் அதிகாரி. "உள்ள யாரு பாய் பேசறது?" என்றார். நான் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன்.

"நான்தாங்க. ரெண்டு வருஷமா உங்க செட்டைப் பாக்கறது நான்தான்."

"பொம்மனாட்டி கை வெச்ச செட்டா இது? குடுங்கோ பாய், நான் வேற எடம் பாத்துக்கறேன்."

செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரெண்டு வருஷம் அது நன்றாகப் பாடியது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

2. தென்னூர் சம்பந்தம்

சேதி பரவியது. தென்னூரில் எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் தாயார் மறுவாரமே வந்துவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. நிக்காஹுக்கு அப்புறம் இந்தக் கம்பி, ஈயமெல்லாம் தொடக்கூடாது. சரிதானேம்மா?"

அம்மா என் முழங்கையை அழுத்தினாள். 'சரி' என்று சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"அப்ப எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம் மாமி" என்றேன்.

அவர் எழுந்து போனபின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இனிமே உன்னை எவன்டி கேட்டு வருவான்?"

மறுநாள் காலை என் மேஜையை நானே இழுத்துவந்து கடை வாசலில் போட்டேன். அத்தா பதறினார். "சனங்க வரமாட்டாங்கம்மா."

"வராதவங்க வராமலே போகட்டும் அத்தா. வர்றவங்க என்னைப் பாத்துட்டே குடுக்கட்டும்."

மூன்று வாரம் ஒரு செட்டுகூட வரவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் பழைய செட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனால் மேஜையை நகர்த்தவில்லை.

3. ஹாஸ்டல் மாடி

நாலாவது வாரம் பெண்கள் ஹாஸ்டல் வார்டன் ஒருவர் வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மாடியில ரேடியோ ஏரியல் கம்பி அறுந்து கிடக்கு. ஆம்பளைங்களை உள்ள விட எங்களுக்கு அனுமதி இல்லை. இங்க ஒரு பொண்ணு ரேடியோ பாக்குதுன்னு ஊரே திட்டுது. அது நீதானா?"

"நான்தாங்க."

"அப்ப கிளம்பு."

அத்தா துணைக்கு வந்தார். அவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு மாடிச் சுவரில் ஏறி, புதுக் கம்பியை இழுத்துக் கட்டினேன். கீழே வாட்ச்மேன் அத்தாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஏன் பாய், மெக்கானிக் நீங்க வெளியில நிக்கிறீங்க?"

"நான் துணைக்கு வந்தவன்ங்க. மெக்கானிக் என் மக. அதோ, மேல நிக்குது."

அத்தா அதை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினேன்.

அந்த ஹாஸ்டல் மூலமாகவே மற்ற வீடுகளும் வந்தன. நாலு வருஷம் கழித்து வேறு இடத்தில் எனக்கு நிக்காஹ் நடந்தது. வேலையை விடச் சொல்லி என் கணவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பெண்கள் இன்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். செட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், கண்டென்சரில் நிற்கும் கரண்டை இறக்கிவிட்டுத் தொடுங்கள் என்பேன். அதோடு இதையும் சொல்வேன்: செய்த வேலையை 'நான் செய்தேன்' என்று சத்தமாகச் சொல்லுங்கள். சிலர் செட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போகட்டும்.