முற்றவெளிப் பந்தின் விலை

ஒன்றரை ரூபாய் கடன். 1912இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் தொலைந்துபோன ஒரு கிரிக்கெட் பந்தின் விலை. கட்டவேண்டியிருந்தவர் நன்னித்தம்பி. இன்றைக்கு அதைக் கட்டத் துடிப்பவர் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய பேரன் ஸ்ரீஸ்கந்தராசா.

ஞாயிறு காலை மில்லிக்கன் பூங்காவில் அம்பயராக நிற்கும்போது, அந்தக் காசு ஆறு கால்-டொலர் நாணயக் குற்றிகளாக அவருடைய காற்சட்டை இடப்பையில் கிடக்கும். பந்துக்கு ஒரு குற்றி வலப்பைக்கு மாறும். ஆறும் மாறினால் ஓவர் முடிந்தது. கோப்பை கழுவ வந்து இரண்டு கடைக்கு முதலாளியான மனுசன். அந்தப் பெருமையைக்கூட அரை வசனத்தில் முடித்துவிட்டு அப்பப்பாவுக்குத் தாவிவிடுவார்.

நன்னித்தம்பி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கடுக்கனைக் கழற்றி அம்பயரிடம் கொடுத்து, குடுமியை இறுக்கி முடிந்து, வெறுங்காலோடு ஆட இறங்குவார். இடக்கையால் அவர் சுழற்றிப் போடும் பந்துக்குத் துரைமாரே தடுமாறினார்களாம். விரல் முறிந்து 1921இல் ஓய்ந்தார். சதம் மட்டும் அடிக்கவில்லை. இல்லை, அடித்தார். வழக்கே அதுதான்.

படித்தவர்கள் எழுதினால் இது பத்துப் பக்கம் போகும். விஷயம் இவ்வளவுதான்: தொண்ணூற்றுநான்கில் நின்றவர் அடித்த பந்து கோட்டை அகழிக்குள் அமிழ்ந்தது. வேறு பந்து இல்லை, ஆட்டம் அத்தோடு சரி. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எல்லைக்கு மேலால் பறந்து தொலைந்தால் அடித்தவன் பந்துக்காசு கட்டவேண்டும். தரையில் குத்தி உருண்டு போய்த் தொலைந்தால் எதிரணிக்கு நட்டம். நன்னித்தம்பி காசை நீட்டினார். எதிரணித் தலைவர் வாங்கவில்லை. வாங்கினால் அது ஆறு, நன்னித்தம்பிக்கு நூறு. வாங்காவிட்டால் நாலு, வெறும் தொண்ணூற்றெட்டு.

அந்தத் தலைவரின் பேரன் அருள்நாயகம் யூனியன்வில்லில் வீடு விற்றுக்கொடுப்பவர். ஆட்டம் முடிய இருவரும் பிளாசாத் தேத்தண்ணிக் கடையில் கூடுவார்கள். குற்றிகள் மேசைக்கு வரும்.

“இந்தாரும், ரூபாய்க்கு டொலராத் தாறன். நீர் விக்கிற வீட்டுக்கும் உந்த விலை கிடையாது.”

“எடுங்கோ அண்ணை உந்தக் காசை. குத்திப் போன பந்துக்கு ஆர் காசு வாங்கிறது?”

“குத்தினதை நீர் கண்டனீரோ?”

“பறந்ததை நீங்கள் கண்டனியளோ?”

போன ஞாயிறு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ஸ்ரீஸ்கந்தராசா காசு போட்டு வளர்த்த கழகம், மறுபக்கம் அருள்நாயகத்தின் மகன் துஷாந்தின் கழகம். அம்பயர் ஸ்ரீஸ்கந்தராசாதான் என்பதில் இரண்டு பக்கமும் சம்மதம். கடைசிப் பந்தில் துஷாந்துக்கு ஆறு வேண்டும். தூக்கி அடித்தான். பந்து பூங்காக் குளத்துக்குள் போய்விட்டது.

“அங்கிள், ஃபோர்தான். கோட்டுக்கு இஞ்சால குத்தினது,” என்று ஓடிவந்தான் எல்லையில் நின்ற பெடியன். அவருடைய கழகத்துப் பெடியன்.

ஸ்ரீஸ்கந்தராசா குளத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு ஆறு என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். வெற்றிக் கோப்பை துஷாந்தின் பக்கம் போனது.

“இனி அவங்களிட்டயே தொப்பி வாங்கிப் போடுங்கோ அங்கிள்,” என்றான் பெடியன், அவர் வாங்கிக் கொடுத்த தொப்பியைக் கழற்றாமலே.

தேத்தண்ணிக் கடையில் அருள்நாயகம் நெடுநேரம் கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“நாலு எண்டு காட்டியிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம், அண்ணை.”

“நான் கண்டனான். குத்தேல்லை.”

“கப் கையை விட்டுப் போட்டுதே.”

“போகட்டும். ஆறை நாலாக்கிற பரம்பரை எங்கடை இல்லை, அருள்.”

அருள்நாயகம் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். மேசை மேல் வலக்கையை மல்லாத்தி நீட்டினார்.

“வட்டி?”

“வாங்காம விட்டது உங்கட ஆக்கள். வட்டி நீர்தான் தரவேணும்.”

சொல்லிவிட்டு ஸ்ரீஸ்கந்தராசா வலப்பைக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றாக எண்ணி உள்ளங்கையில் வைத்தார். ஐந்துதான் இருந்தன. கடைசிப் பந்தின் பரபரப்பில் ஒன்றை மாற்ற மறந்திருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே காத்திருந்தது. இடப்பையைத் துழாவி மிச்சக் குற்றியை எடுத்து, கனடாக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்து, மற்றவற்றின் மேல் வைத்தார். அருள்நாயகம் விரல்களை மடக்கினார்.