அழிய மறுத்த அஞ்சலி

இது நடந்தது. கட்டுக்கதை என்று கொட்டாவி விடுகிறவர்கள் போத்தனூர் பக்கம் வரட்டும், அந்தப் போஸ்டர் ஒட்டிய சுவரை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை. மணி 12.40. சமையலறையில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன். இப்படி மொட்டையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பெயருக்கு முன்னால் ‘சமூகச் செம்மல்’, ‘சேவைத் திலகம்’ இரண்டும் வரவேண்டும். யார் கொடுத்த பட்டம் என்று கேட்கக்கூடாது. போஸ்டர் அடிக்கும்போது அவரே போட்டுக்கொண்டது. சொந்தபந்தத்தில் காதுகுத்தானாலும் கருமாதியானாலும் வீட்டுக் கணினியில் போஸ்டர் தயாரிப்பது அவர்தான். கூலி வாங்கமாட்டார். பட்டியலில் தன் பெயர் முதலில் இருந்தால் போதும்.

போன மாதம் அவருடைய அண்ணன் சீனிவாசலு ஐசியூவில் கிடந்தார். எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். மற்றவர்கள் குலதெய்வத்தை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். தம்பி நேராக வீட்டுக்கு வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தயார் செய்தார். பங்காளிகள் முந்திக்கொண்டு ஒட்டிவிட்டால் என்ன ஆவது? அண்ணன் படம் போட்டாயிற்று. ‘தோற்றம்’ தேதி போட்டாயிற்று. ‘மறைவு’க்கு நேராக மட்டும் கொஞ்சம் காலியிடம். கீழே துக்கப்படுகிறவர்களின் பட்டியல். முதல் வரியில், பட்டங்களோடு, ‘சென்னகிருஷ்ணன் – அம்புஜம்’. செத்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்து.

மூன்றாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

தம்பிக்கு மகிழ்ச்சிதான். நல்ல டிசைன் வீணாகிவிட்டதே என்று சின்ன வருத்தமும் உண்டு. போஸ்டரை அழித்தார். ஆனால் அந்த மென்பொருள் வேலையின்போது தனக்கென்று ஐந்து தற்காலிகக் கோப்புகளை எங்கோ ஒதுக்கி வைத்திருந்தது. வேலை முடிந்தால் தானாகப் போய்விட வேண்டியவை. போகவில்லை. கணினியைப் போட்டால் போதும், ‘மீட்கப்பட்டது’ என்று அண்ணனின் அஞ்சலி திரை முழுக்க வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அண்ணன் தாராபுரத்திலிருந்து காரில் வருகிறார். வந்ததும் இதே கணினியில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் ஹாரிகாவோடு பேசவேண்டும். செல்போனில் மகள் முகம் சின்னதாகத் தெரிகிறதாம். அவருக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது, யாராவது போட்டுக் கொடுக்கவேண்டும். மறுநாள் கோயில் கமிட்டிக் கூட்டம். தலைவர் பதவியைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். தன் சாவுப் போஸ்டரைப் பார்த்துவிட்டால்?

சென்னகிருஷ்ணன் ஐந்து கோப்புகளையும் தேடிப் பிடித்தார். டெலீட்டை அழுத்தினார்.

‘இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்.’

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அணைத்துப் போட்டார். அதே பதில். இணைய வயரைப் பிடுங்கினார். அதே பதில். குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ‘கணினிப் பாதுகாப்பு’ பாடம் நடத்துகிற மனிதர், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மணி 1.05. மறுபடி அணைத்துப் போட்டார். போஸ்டர் வந்தது.

‘மறைவு’க்கு நேரே காலியிடம் இல்லை. தேதி இருந்தது.

அன்றைய தேதி.

“அம்புஜம்! இங்க வா!”

“ஏனுங்க?” கரண்டியோடு வந்தார் மனைவி.

“கம்ப்யூட்டரத் தொட்டியா?”

“எனக்கு மிக்ஸியத் தொடவே நேரமில்லீங்க.” திரையைப் பார்த்தார். முகம் மாறியது. “அட சாமி... இன்னும் இதைய அழிக்கலீங்களா? உங்கண்ணன் பாத்தாருன்னா நெஞ்சு நின்னு போயிருமுங்க.”

“அதுக்குத்தான அழிச்சிட்டிருக்கறேன்.”

“அழியலைன்னா ரிப்பேருன்னு சொல்லிப்போடுங்க. துண்டப் போட்டு மூடிரலாம்.”

“நான் வெச்சிருக்கற கம்ப்யூட்டரு ரிப்பேராகுமா? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?”

“ஆமாங்க. அதான் முக்கியம்” என்று அம்புஜம் திரும்பிப் போனார்.

மணி 1.31. தேதியை அழித்தார். வந்தது. அழித்தார். வந்தது. ஏதோ வைரஸ் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

மணி 1.44.

டக்...

கீபோர்டு சத்தம். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டக்... டக்...

ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம். பழக்கமில்லாதவர்கள் அடிப்பது போல. தேதிக்குப் பக்கத்தில் எழுத்துகள் முளைத்தன.

‘பிற்பகல் 1.52 மணியளவில் இறைவனடி சேர்ந்தார்.’

சென்னகிருஷ்ணன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். 1.47.

அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

ஏனென்றால் கர்சர் இப்போது கீழே இறங்கியது. துக்கப்படுகிறவர்கள் பட்டியலுக்கு. முதல் வரிக்கு.

டக். ‘திலகம்’ போயிற்று.

டக். ‘சேவை’ போயிற்று.

அண்ணன் சாகும் நேரம் திரையில் வந்தபோது சும்மா இருந்த மனிதருக்கு, இப்போது பதறியது.

“டேய்! எவன்டா அவன்!”

டக். ‘செம்மல்.’

டக். ‘சமூக.’

வெறும் சென்னகிருஷ்ணன் நின்றார்.

கர்சர் அந்தப் பெயருக்கு முன்னால் துடித்தது... எதையோ எழுதப்போவது போல.

அவர் பாய்ந்து கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

டெலீட்.

இந்த முறை மறுக்கவில்லை.

ஐந்தும் போயின.

மணி... 1.52.

வீடு அமைதியானது. “அழிச்சுப்போட்டேன்!” என்று கத்தினார்.

பதிலுக்குப் போன் அடித்தது.

அண்ணனின் டிரைவர் மாசாணம்.

“அய்யா... பல்லடம் தாண்டி எளநி குடிக்க நிறுத்தினனுங்க... பெரியவரு சீட்டுல சாஞ்சாப்ல இருந்தாருங்க... எழுப்பினேன்...”

“எப்போ?”

“இப்பத்தானுங்க.”

சாயங்காலம் 5.20. அழுகை முடிவதற்குள் போஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது, அதுதான் சென்னகிருஷ்ணன். ஆனால் கோப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. வழக்கமாகப் போஸ்டர் அடிக்கும் அப்துல் வஹீதின் அச்சகத்துக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்திருந்தது.

“வாங்க. மனசத் தேத்திக்கங்க. எல்லாம் ரெடியா இருக்குதுங்க” என்றார் வஹீது.

“என்ன ரெடி?”

“போஸ்டருதானுங்க. நீங்க மெயில் போட்டீங்களே? அவசரம்னு சொன்னதுனால லீவு நாள்லயும் கடையத் தொறந்தனுங்க. பாதி ஒட்டவே போயிருச்சு.”

“நான் போடல...”

வஹீது கணினியைத் திருப்பிக் காட்டினார். சென்னகிருஷ்ணனின் முகவரிதான். வந்த நேரம், காலை 11.10. போஸ்டரோடு ஒரே ஒரு வரி.

‘தம்பிக்கு ரொம்ப அவசரம். சீக்கிரம் அடிச்சுக் குடுத்துருங்க.’

காலை 11.10-க்கு அண்ணன் தாராபுரத்தில் மகன் வழிப் பேத்தியோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். இங்கே, போத்தனூரில், கணினி அணைந்து கிடந்தது.

வஹீது ஒரு போஸ்டரை விரித்தார். அண்ணன் சிரித்தார். தேதி சரி. 1.52 சரி. பட்டியலில் முதல் பெயர் சென்னகிருஷ்ணனுடையதுதான். அவர் கேட்ட அதே பெரிய எழுத்து.

“வர்ற பைல்ல நான் ஒரு எழுத்தும் படிக்கறதுமில்ல, மாத்தறதுமில்லீங்க” என்று வஹீது தலையைக் குனிந்துகொண்டார். “இப்ப ஒட்டையிலதான் பசங்க பாத்துச் சொன்னாங்க.”

பெயருக்கு முன்னால் ஒரே ஒரு பட்டம் இருந்தது. நம் போஸ்டர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு அதை யாரும் போடுவதில்லை.

‘தெய்வத்திரு. சென்னகிருஷ்ணன் – அம்புஜம்.’