ஃபாயிஸாவின் இரண்டாவது கதவு

ஃபாயிஸா எந்தப் பேச்சை எடுத்தாலும் ஈஸ்ட்டில்தான் கொண்டுபோய் முடிப்பாள். பழைய நகரத்தில் அத்தர்க் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக்கின் மகள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. "ரொட்டி மாவு பொங்குறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்கள்.

ஆண், பெண் போல ஈஸ்ட்டிலும் இரண்டு இனம் உண்டு. ஓர் இனம் துணையை அழைக்க ஒரு சேதிப் பொருளைச் செய்து, செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதத்தின் வழியாக வெளியே அனுப்பும். அந்தப் புரதம்தான் கதவு. சேதி கிடைத்ததும் மற்ற இனம் வளர்வதை நிறுத்திவிடும். அந்த இனத்தைப் பரப்பிய தட்டில் சேதி கலந்த சொட்டு ஒன்றை வைத்தால், சுற்றி எதுவும் வளராத வெறும் வளையம் விழும். ஃபாயிஸா கதவே இல்லாத ஈஸ்ட்டை உண்டாக்கினாள். அதைக் குழாயில் வளர்த்து, அந்தக் கரைசலில் ஒரு சொட்டைத் தட்டில் வைத்தாள். வளையம் விழக்கூடாது. விழுந்தது, சின்னதாக.

"அப்ப ரெண்டாவது கதவு ஒண்ணு இருக்கு!" என்றார் அவளுடைய பேராசிரியர் தாமரைச்செல்வி. கட்டுரை எழுத ஆரம்பித்தாயிற்று. ஃபாயிஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தாவோ கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "எம்மக புதுசா ஒரு கதவு கண்டுபிடிச்சிருக்கா" என்றார். எந்த வீட்டுக் கதவு என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை கடையில், கழுவி வைத்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் மல்லிகை அத்தர் ஊற்றப் போனாள். பழைய கஸ்தூரி வாசம் குப்பென்று அடித்தது. பிளாஸ்டிக்கில் ஏறிய எண்ணெய் தண்ணீருக்குப் போகாது என்று அத்தர்க் கடைப் பிள்ளைக்குத் தெரியாதா? ஈஸ்ட்டின் சேதிப் பொருளும் எண்ணெய்ப் பசை உள்ளதுதான். ஆய்வகத்திலோ பிளாஸ்டிக் குழாய்களைத் தூக்கிப் போட மனம் வராமல் கழுவி, குக்கரில் வேகவைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அப்படிக் கழுவிய குழாயில் ஈஸ்ட்டே போடாமல் வெறும் கரைசலை ஊற்றிவைத்துச் சோதித்தாள். வளையம் விழுந்தது. கதவில்லாத ஈஸ்ட்டைப் புதுக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தாள். வளையமே இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்சம் அழுதாள். பிறகு தட்டுகளைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேஜையில் வைத்தாள். "நல்லவேளை, கட்டுரைய இன்னும் அனுப்பல" என்றார் அவர், சுரத்தே இல்லாமல்.

அத்தாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்தக் கதவு இல்லத்தா. கொழாயில ஒட்டியிருந்த பழசு."

அவர் முகம் சுண்டிவிட்டது. "யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நாந்தான். நானே சோதிச்சுப் பாத்தேன்."

அவர் புட்டிகளை நகர்த்தி வைத்தார். அந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரர் சின்னக்கருப்பன் கடையேறினார். "என்ன பாய், மக கண்டுபிடிச்ச கதவு என்னாச்சு?"

ஃபாயிஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவு இல்லண்ணே" என்றார் அத்தா. "இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னது நான். இல்லைன்னு கண்டுபிடிச்சது எம்மக."